அம்மா எங்கே இருப்பது: கிரீன் கார்டா, சூப்பர் விசாவா, கும்பகோணமா?

எங்கள் அம்மாவுக்கு 72 வயது. கும்பகோணத்தில் சொந்த வீடு, அப்பாவுக்குப் பிறகு வரும் குடும்ப ஓய்வூதியம், வங்கியில் கொஞ்சம் எஃப்.டி., உடம்பில் சுகரும் பி.பி.யும், மாடிப்படி ஏறினால் வலிக்கும் வலது முழங்கால். பிள்ளைகள் இரண்டு பேர். நான் நியூ ஜெர்சியில், அமெரிக்கக் குடியுரிமை வாங்கியாயிற்று. தம்பி டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில், கனடாவின் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) அட்டையோடு இருக்கிறான். அம்மாவைத் தனியாக விட்டுவைக்க இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. இந்த நிலைமையில் இருக்கும் வீடுகள் தஞ்சாவூர்ப் பக்கம் தெருவுக்கு நாலு இருக்கும், அதனால் நாங்கள் எடைபோட்டுப் பார்த்ததை முழுசாக எழுதிவிடுகிறேன்.

வழிகள் நாலு. நான் ஸ்பான்சர் செய்து கிரீன் கார்டு. தம்பி கூப்பிட்டு கனடாவின் சூப்பர் விசா, அதாவது பெற்றோர் நெடுநாள் தங்கிப்போகத் தரும் விசா. இரண்டும் இல்லாமல் சுற்றுலா விசாவில் ஆறு மாதம் வருவது, ஆறு மாதம் போவது. கடைசியாக, அம்மா கும்பகோணத்திலேயோ கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கும் மூத்தோர் குடியிருப்பு ஒன்றிலோ இருந்துவிடுவது. பலரும் எந்த விசா சுலபமாகக் கிடைக்கும் என்பதிலிருந்து யோசிக்கத் தொடங்குகிறார்கள். நான் வேறு மூன்று கேள்வியிலிருந்து தொடங்கச் சொல்வேன்: ஆஸ்பத்திரி பில்லை யார் கட்டுவது, நாங்கள் வேலைக்குப் போனபிறகு பகல் முழுக்க அம்மா என்ன செய்வார், பிடிக்கவில்லை என்றால் பழைய வாழ்க்கைக்கு அப்படியே திரும்ப முடியுமா. என் முடிவையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: சூப்பர் விசா, அதுவும் கும்பகோணம் வீட்டை விற்காமல். கிரீன் கார்டுதான் என் கையில் இருக்கும் வழி, அம்மா என்னோடு இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நிறையவே உண்டு, அப்படியும் இதைத்தான் சொல்கிறேன்.

முதலில் கிரீன் கார்டு. 21 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமகனோ குடிமகளோ மட்டும்தான் பெற்றோருக்கு மனு போட முடியும், கிரீன் கார்டு வைத்திருப்பவர் போட முடியாது. பெற்றோர் 'நெருங்கிய உறவினர்' வகையில் வருவதால் ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு இல்லை, குலுக்கல் இல்லை, பல ஆண்டு வரிசையும் இல்லை. ஐ-130 மனு, அது முடிந்ததும் தேசிய விசா மையத்தில் காகித வேலை, மருத்துவப் பரிசோதனை, நேர்காணல். இந்தியர்களுக்குக் குடியேற்ற விசா நேர்காணல் சென்னையில் நடப்பதில்லை, மும்பைக்குத்தான் போக வேண்டியிருக்கும், முழங்கால் வலி உள்ளவருக்கு அதுவே ஒரு பயணம். கட்டணங்கள் எல்லாம் சேர்ந்து 1,300 டாலர் சுற்றிவரும், மருத்துவப் பரிசோதனை தனி. மனு போட்டதிலிருந்து ஓராண்டுக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் ஐ-864 என்ற உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், வறுமைக்கோட்டு அளவில் 125 விழுக்காடு வருமானம் காட்ட வேண்டும். நாலு பேர் உள்ள வீட்டில் அம்மாவையும் சேர்த்து ஐந்து பேர் என்றால், 2025 அளவுகோலில் அது ஆண்டுக்குச் சுமார் 47,000 டாலர். இரண்டு பேர் சம்பாதிக்கும் வீடுகளுக்கு இது பெரிய தடை இல்லை.

ஆகவே கிடைப்பது கஷ்டமில்லை, கிடைத்த பிறகுதான் கஷ்டம். அமெரிக்காவில் முதியவர்களுக்கான மெடிகேர், வேலையே செய்யாமல் புதிதாக வரும் அம்மாவுக்கு உடனே கிடைக்காது. 65 வயதுக்கு மேல் இருந்தாலும், கிரீன் கார்டோடு தொடர்ந்து ஐந்து ஆண்டு அங்கே வசித்த பிறகுதான் சேர முடியும், அப்போதும் மாதப் பிரீமியம் கட்டித்தான். 2025-ல் மருத்துவமனைப் பகுதிக்கு மாதம் 518 டாலர், டாக்டர் பகுதிக்கு 185 டாலர். ஏழைகளுக்கான மெடிக்கெய்டும் பொதுவாக முதல் ஐந்து ஆண்டுக்கு இல்லை. இடையில் இருக்கும் ஐந்து ஆண்டுக்கு ஒபாமாகேர் சந்தையில், அதாவது அரசு ஏற்பாட்டில் தனியார் காப்பீடு விற்கும் இடத்தில், ஒரு பாலிசி வாங்க வேண்டும். அந்தப் பாலிசிகளில் ஒரு பெரிய நல்ல விஷயம், ஏற்கெனவே இருக்கும் நோயைக் காரணம் காட்டி மறுக்கவோ விலையைக் கூட்டவோ கூடாது. சுகர், பி.பி. உள்ள ஒருவருக்கு வெளிநாட்டில் கிடைக்கும் காப்பீடுகளில் இதற்கு நிகரானது இல்லை. ஆனால் 72 வயதுக்கு முழுப் பிரீமியம் ரொம்பக் கனமானது, அரசு மானியம் கிடைக்குமா என்பதில் புதிதாக வந்தவர்களுக்கான விதிகள் 2025 சட்டத்துக்குப் பிறகு இறுகிவிட்டன, அதனால் மானியம் இல்லாத தொகையை மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதே பாதுகாப்பு. ஐ-864 கையெழுத்தும் சாதாரணம் இல்லை. அம்மா குடியுரிமை பெறும் வரை, அல்லது 40 காலாண்டு வேலை அவர் கணக்கில் சேரும் வரை, அல்லது அவர் கிரீன் கார்டை விட்டுவிட்டு நாட்டை விட்டுப் போகும் வரை அது என்னைக் கட்டும். குடியுரிமை வாங்க ஐந்து ஆண்டு ஆனதும் ஆங்கிலத் தேர்வு உண்டு. நெடுநாள் கிரீன் கார்டில் இருந்த முதியவர்களுக்கு ஆங்கிலத்திலிருந்து விலக்கு இருக்கிறது, ஆனால் அதற்குக் குறைந்தது 15 ஆண்டு அங்கே வாழ்ந்திருக்க வேண்டும்.

அப்புறம் வரி. இதைப் பற்றி முன்கூட்டியே யோசிப்பவர்கள் குறைவு. கிரீன் கார்டு கைக்கு வந்து உள்ளே நுழைந்த நாளிலிருந்து அம்மாவின் உலக வருமானம் எல்லாம் அமெரிக்க வரிக் கணக்குக்குள் வந்துவிடும். கும்பகோணத்தின் எஃப்.டி. வட்டி, மாடி வாடகை, ஓய்வூதியம், எல்லாமே. வெளிநாட்டுக் கணக்குகளில் இருக்கும் மொத்தப் பணம் ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் அந்தக் கணக்குகளின் விவரத்தை அமெரிக்க அரசுக்குச் சொல்லும் எஃப்பார் அறிக்கை தாக்கல் செய்தே ஆக வேண்டும். இன்றைய ரூபாய் மதிப்பில் அது பத்து லட்சத்தைச் சுற்றிய தொகைதான், வாழ்நாள் சேமிப்பு வைத்திருக்கும் நடுத்தர வீட்டு அம்மா யாரும் தப்ப முடியாது. இந்திய மியூச்சுவல் ஃபண்டு இருந்தால் இன்னும் சிக்கல், அதற்குத் தனிப் படிவம், தனிக் கணக்கு, அதைத் தெரிந்த ஆடிட்டருக்குத் தனிக் கட்டணம். இரட்டை வரி ஒப்பந்தம் இருப்பதால் இரண்டு பக்கமும் முழு வரி கட்ட வேண்டிவராது, ஆனால் தாக்கல் செய்யும் வேலை ஆண்டுதோறும் உண்டு. ஃபண்டு இருந்தால், கிரீன் கார்டோடு நுழைவதற்கு முன்னாலேயே அதை என்ன செய்வது என்று ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

இனி கனடா. சூப்பர் விசா 2011 டிசம்பரில் வந்தது, பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் மட்டும். 2022 ஜூலையிலிருந்து ஒருமுறை நுழைந்தால் ஐந்து ஆண்டு வரை தங்கலாம், உள்ளிருந்தபடியே நீட்டிக்கவும் கேட்கலாம், விசா பத்து ஆண்டு வரை பலமுறை போய்வரச் செல்லும். கூப்பிடும் பிள்ளை குடிமகனாகவோ பி.ஆர். ஆகவோ இருந்தால் போதும். அழைப்புக் கடிதம், அம்மாவையும் சேர்த்துக் குடும்ப அளவுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச வருமானத்துக்கான சான்று, மருத்துவப் பரிசோதனை, குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலருக்கு ஓராண்டு மருத்துவக் காப்பீடு. காப்பீடு முன்பு கனடிய நிறுவனத்தில்தான் வாங்க வேண்டும், 2025 ஜனவரியிலிருந்து கனடிய ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி பெற்ற வெளிநாட்டு நிறுவனங்களின் பாலிசியும் ஏற்கப்படுகிறது. மறுபடி நுழையும் ஒவ்வொரு முறையும் காப்பீடு நடப்பில் இருக்க வேண்டும்.

இந்தக் காப்பீட்டைப் பற்றி நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சூப்பர் விசாவின் பலவீனம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. சூப்பர் விசாவில் வருபவருக்கு, டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் அரசு மருத்துவ அட்டை கிடையாது. காப்பீடு என்பது அவசரத்துக்கு மட்டும்: விழுந்து எலும்பு முறிந்தால், நெஞ்சுவலி வந்தால், திடீர்க் காய்ச்சலில் சேர்த்தால். மாதாந்திர டாக்டர் பார்வை, சுகர் டெஸ்ட், மாத்திரை, பல், கண் எல்லாம் கையிலிருந்துதான். ஏற்கெனவே உள்ள நோய்க்கும் சேர்த்து எடுக்கும் பாலிசி கிடைக்கிறது, ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருக்கும்: பாலிசி தொடங்குவதற்கு முந்தைய இத்தனை நாள் அந்த நோய் ஒரே நிலையில் இருந்திருக்க வேண்டும். 90 நாள், 120 நாள், 180 நாள் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரே நிலை என்றால் என்ன என்பதைத்தான் பலரும் படிப்பதில்லை. புது மாத்திரை சேர்த்தால் மட்டுமில்லை, பழைய மாத்திரையின் அளவைக் கூட்டினாலோ குறைத்தாலோகூடப் பல பாலிசிகளில் அது மாற்றம்தான். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்னால் கும்பகோணத்து டாக்டர் பி.பி. மாத்திரையை 25-லிருந்து 50 ஆக்கினார் என்றால், அங்கே போய் பி.பி. தொடர்பாக வரும் பில்லுக்கு நிறுவனம் கைவிரிக்கலாம். அதற்காக மாத்திரையை மாற்றாதீர்கள் என்று டாக்டரிடம் சொல்லக் கூடாது, உடம்புதான் முதலில். செய்ய வேண்டியது, ஆறேழு மாதம் முன்பே முழுப் பரிசோதனை செய்து மருந்துகளை நிலைப்படுத்திவிட்டு, அந்தக் கணக்கை வைத்து டிக்கெட் தேதியைப் போடுவது. விண்ணப்பத்தில் இருக்கும் மருத்துவக் கேள்விகளுக்கு அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு, மருந்துச் சீட்டைப் பார்த்து நிரப்புங்கள். "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்று அம்மா சொல்வதை அப்படியே எழுதிவிட்டால், பணம் கேட்கும் நேரத்தில் பழைய சீட்டுகள் எல்லாம் வெளியே வரும்.

சரி, ஆஸ்பத்திரிக் கேள்வியில் மட்டும் பார்த்தால் எது மேல்? நோய் கடுமையாக இருந்தால், உதாரணமாக டயாலிசிஸ், புற்றுநோய்ச் சிகிச்சை, அடிக்கடி மருத்துவமனை என்றிருந்தால், சூப்பர் விசா சரிப்படாது. கிரீன் கார்டில் வந்து சந்தைப் பாலிசி எடுப்பதுதான் முழுச் சிகிச்சைக்கு வழி, அல்லது ஊரிலேயே இருப்பது. எங்கள் அம்மா மாதிரி நோய் கட்டுக்குள் இருந்து, ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போய் முழுப் பரிசோதனை செய்துவரக்கூடியவர் என்றால் சூப்பர் விசா தாங்கும். இதற்குத் துணையாக ஒரு விஷயம்: இந்தியாவில் அம்மா பேரில் இருக்கும் மருத்துவக் காப்பீட்டை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள். வெளிநாடு போகிறோமே என்று இரண்டு ஆண்டு புதுப்பிக்காமல் விட்டுவிட்டுத் திரும்பி வந்து புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், இப்போதைய விதிப்படி அது மூன்று ஆண்டு வரை போகலாம்.

கனடாவில் பெற்றோரை நிரந்தரமாகவே ஸ்பான்சர் செய்யும் திட்டமும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் அதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை. 2020-ல் பெயர் பதிந்தவர்களின் பட்டியலிலிருந்துதான் 2025 வரை அழைப்பு அனுப்பியிருக்கிறார்கள், புதிதாகப் பெயர் பதியவே வழி திறக்கவில்லை. மூன்று ஆண்டு வருமானச் சான்று, கியூபெக் தவிர மற்ற இடங்களில் 20 ஆண்டுப் பொறுப்பு உறுதிமொழி வேறு. உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் இருந்து அழைப்பு வந்தால் யோசிக்காமல் போடுங்கள், பி.ஆர். ஆனதும் மாகாண மருத்துவ அட்டை கிடைக்கும், அதன் மதிப்பு பெரிது.

இரண்டாவது கேள்வி, பகல் பொழுது. என்னைக் கேட்டால் இதற்குத்தான் பாதி மார்க். நான் இருக்கும் இடம் நியூ ஜெர்சியின் ஒரு புறநகர். பிரிட்ஜ்வாட்டரில் வெங்கடேஸ்வரர் கோயில் இருக்கிறது, எடிசனில் ஓக் ட்ரீ ரோடு முழுக்க நம் கடைகள், வெண்டைக்காய், முருங்கைக்காய், பூ எல்லாம் கிடைக்கும். ஆனால் எதற்கும் கார் வேண்டும். காலை எட்டு மணிக்கு நாங்கள் இருவரும் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போனபிறகு மாலை வரை அம்மா வீட்டுக்குள்தான். கும்பகோணத்தில் காலையில் கோலம் போடும்போதே நாலு பேரிடம் பேசிவிட்டு, கீரைக்காரியிடம் விலை பேசி, சாயங்காலம் கும்பேஸ்வரர் கோயிலுக்குத் தானாக நடந்து போய்வருகிறவர், இங்கே பால் வாங்கக்கூட யாராவது கூட்டிப்போக வேண்டும். பெற்றோரைக் கிரீன் கார்டில் கூட்டிவந்த என் தோழிகள் வீடுகளில் நான் பார்த்தது இதைத்தான்: முதல் மூன்று மாதம் பேரப்பிள்ளைகளோடு உற்சாகம், அதற்குப் பிறகு ஜன்னலோரம் ஒரு நாற்காலி, கையில் போன், ஊரில் விடியட்டும் என்ற காத்திருப்பு. குறை யார் மேலும் இல்லை, இடம் அப்படி.

ஸ்கார்பரோ வேறு மாதிரி. ஈழத்திலிருந்து வந்தவர்கள் நாற்பது ஆண்டாக உருவாக்கிய தமிழ் ஊர் அது. தமிழ்க் கடை, தமிழ் மருந்துக்கடைக்காரர், தமிழ் பேசும் டாக்டர், கோயில், மூத்தோர் கூடும் இடங்கள் என்று எல்லாம் பேருந்துத் தொலைவில் இருக்கின்றன. டொராண்டோ பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் இரவல் கிடைக்கும், அம்மா வார இதழ்களை அட்டை முதல் அட்டை வரை படிப்பவர், அவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. 65 வயதுக்கு மேல் டி.டி.சி. என்ற டொராண்டோ நகரப் பேருந்தில் கட்டணச் சலுகை உண்டு. தம்பி வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் அம்மா நடக்கும் தூரம்தான், வழியில் யாரையாவது நிறுத்தித் தமிழில் கேட்டாலும் பதில் கிடைக்க வாய்ப்புள்ள தெரு. யாழ்ப்பாணத் தமிழ் முதலில் காதுக்குப் பிடிபடக் கொஞ்சம் நாளாகும், ஆனால் அம்மா யாரோடும் பேசிப் பழகிவிடுவார். குளிர் கடுமைதான். நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை நடைபாதையில் பனி உறைந்துகிடக்கும்போது, வயதானவர் ஒருமுறை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் எல்லாத் திட்டமும் தலைகீழாகிவிடும். அதனால்தான் மார்கழி, தை, மாசி ஊரில் என்ற ஏற்பாடு எங்களுக்குச் சரியாக வருகிறது. திருப்பாவை, பொங்கல், மகாமகக் குளத்தின் மாசி மகம் எல்லாம் முடித்துவிட்டு, டாக்டரையும் பார்த்துவிட்டு, பனி கரைந்ததும் திரும்பி வரலாம்.

ஊர் வேறு, வீடு வேறு என்பதையும் சொல்ல வேண்டும். அம்மாவோடு பகலில் இருக்கப்போவது பெரும்பாலும் தம்பியும் நானும் இல்லை, தம்பி மனைவி. அவள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். சமையலறை யாருடையது, சாப்பாட்டு நேரம் எது, பிள்ளைகளை யார் கண்டிப்பது, அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனால் குளிப்பாட்டுவது யார், இதையெல்லாம் அவளிடம் பேசி, அவள் சரி என்று சொல்வதற்கு முன்னால் எந்தப் படிவத்தையும் திறக்கக் கூடாது என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். மகள் வீட்டுக்கும் இதே கேள்வி உண்டு, அங்கே மாப்பிள்ளையிடம் கேட்க வேண்டும். பணத்தையும் அப்போதே பேசிவிடுவது நல்லது. எங்களுக்குள் காப்பீட்டுப் பிரீமியம் என் பொறுப்பு, விமான டிக்கெட் பாதிப்பாதி, வீட்டுச் செலவு தம்பி.

சுற்றுலா விசாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அமெரிக்காவின் பி-1/பி-2 இந்தியர்களுக்கு வழக்கமாகப் பத்து ஆண்டுக்குக் கிடைக்கும், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்து அதிகாரி முடிவு செய்வார், பெரும்பாலும் ஆறு மாதம். பேத்தி பிறக்கிறாள், பேரனுக்குப் பூணூல் என்று வந்துபோக இது சரி. இங்கேயே வாழ்வதற்கு இதைப் பயன்படுத்தினால் அடுத்தமுறை உள்ளே விடும்போது கேள்வி வரும். பார்வையாளர் காப்பீடும் மெலிதானது, பழைய நோய் திடீரென்று முற்றினால் மட்டும் ஓரளவுக்குத் தருவார்கள். இன்னொன்று, ஐ-130 போட்டுவிட்டால் குடியேறும் எண்ணம் இருப்பது பதிவாகிவிடும், அதற்குப் பிறகு புதிதாகச் சுற்றுலா விசா கேட்பது கடினம். அதனால் "சும்மா ஒரு மனு போட்டு வைப்போம்" என்று போடாதீர்கள்.

ஊரிலேயே இருப்பது என்ற வழியை யாரும் வழியாகவே எண்ணுவதில்லை, பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்கள் என்ற பேச்சு வரும் என்ற பயம். எங்கள் பெரியம்மா கோயம்புத்தூரில் ஒரு மூத்தோர் குடியிருப்பில் இருக்கிறார், மூன்று வேளைச் சாப்பாடு, அழைத்தால் வரும் நர்ஸ், மாலையில் பஜனை, சுற்றிலும் அவர் வயதுக்காரர்கள், நன்றாகவே இருக்கிறார். அங்கே சேர வைப்புத்தொகையும் மாதச் செலவும் கணிசம், ஆனால் அமெரிக்கப் பிரீமியத்தோடு ஒப்பிட்டால் தாங்கும். படுக்கையில் விழுந்தால் வைத்துக்கொள்வார்களா, மறதி நோய் வந்தால் என்ன செய்வார்கள், வைப்புத்தொகை எப்போது திரும்பும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் அம்மாவுக்கு இது இப்போது ஒத்துவராது, தன் வீட்டை விட்டு இன்னொரு தனியறைக்குப் போவதென்றால் பிள்ளைகளிடமே போகிறேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். உங்கள் அம்மா மறதி நோயின் தொடக்கத்தில் இருந்தால், பழகிய தெருவை விட்டு முற்றிலும் புது இடத்துக்குக் கூட்டிப்போவதை ஒருமுறைக்கு இருமுறை மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, திரும்பும் வழி. கிரீன் கார்டு வைத்துக்கொண்டு ஊரில் நெடுநாள் இருக்க முடியாது. ஆறு மாதம் தாண்டினால் கேள்வி, ஓராண்டு தாண்டினால் கார்டே கேள்விக்குறி, முன்கூட்டியே அமெரிக்காவில் இருக்கும்போது மறுநுழைவு அனுமதி வாங்கியிருந்தால் இரண்டு ஆண்டு வரை. முதியவரின் உடம்பும் மனசும் இந்த நாள்கணக்குக்குக் கட்டுப்பட்டு இருக்காது. சூப்பர் விசாவில் ஐந்து ஆண்டு இருந்தாலும் சரி, இரண்டு மாதத்தில் முடியவில்லை என்று வந்துவிட்டாலும் சரி, எந்த உரிமையும் போகாது. வரி பக்கமும் கொஞ்சம் லேசு, என்றாலும் ஓர் ஆண்டில் 183 நாளோ அதற்கு மேலோ கனடாவில் தங்கினால் அங்கேயும் வரிக் கேள்வி எழும், இரு நாட்டு ஒப்பந்தத்தை வைத்து ஒரு கணக்காளர் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்தியாவிலும் வெளிநாட்டுவாசி நிலைக்கு மாறினால் சேமிப்புக் கணக்கை வெளிநாட்டுவாசிகளுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும், வட்டிக்கு வரி பிடிக்காமல் இருக்க அம்மா வருடாவருடம் வங்கியில் கொடுக்கும் படிவம் செல்லாது, 30 விழுக்காடு பிடித்துவிட்டுத்தான் தருவார்கள், அதைத் திரும்பப் பெறக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

திரும்பும் வழி என்றால் முதலில் வீடு. விற்காதீர்கள். பூட்டி வைப்பதும் நல்லதில்லை, ஈரம் ஏறிவிடும். மாடியை நம்பிக்கையான குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டு, கீழே அம்மாவின் அறையை அப்படியே வைத்துக்கொள்ளலாம். கிளம்பும் அவசரத்தில் பிள்ளைகள் பேருக்குத் தான செட்டில்மென்ட் எழுதச் சொல்லும் உறவினர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வேண்டாம். கவனித்துக்கொள்வார் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பிறகு கவனிக்காவிட்டால் அதை ரத்து செய்ய 2007-ன் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் கனடாவில் உட்கார்ந்துகொண்டு கும்பகோணத்தில் வழக்கு நடத்த எந்த அம்மாவால் முடியும். வரி கட்ட, மின்கட்டணம் பார்க்க, வாடகை வாங்க மட்டும் ஒரு பவர் பத்திரம், விற்கும் அதிகாரம் இல்லாமல், சார்பதிவாளர் அலுவலகத்தில் அம்மா ஊரில் இருக்கும்போதே பதிந்துவிடுவது நல்லது. உயிலும் அப்படித்தான்.

எந்த விசாவாக இருந்தாலும் நம் ஊர்க்காரர்களைப் படுத்துவது பெயர். அம்மாவின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் கடைசியில் இருக்கும், ஆதாரில் இனிஷியல் மட்டும் இருக்கும், என் பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயர் வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கும், ஓய்வூதியப் புத்தகத்தில் வீட்டில் கூப்பிடும் பெயர் இருந்தாலும் ஆச்சரியமில்லை. ஐ-130-க்கு என் பிறப்புச் சான்றில் உள்ள தாய் பெயரும் அம்மாவின் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போக வேண்டும். அந்தத் தலைமுறையில் பலருக்குப் பிறப்புப் பதிவே கிடையாது, நகராட்சியில் பதிவு இல்லை என்ற சான்றும், பள்ளிச் சான்றும், மூத்த உறவினர்களின் உறுதிமொழிப் பத்திரமும் சேர்க்க வேண்டிவரும். பிறந்த விவரம் தெரிந்த மாமாக்களும் அத்தைகளும் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

உடம்பு பக்கம், கண்புரை, பல்செட், காது மெஷின் மூன்றையும் ஊரிலேயே முடித்துவிட வேண்டும். சூப்பர் விசாக் காப்பீடு இவற்றுக்குத் தராது, அமெரிக்க மெடிகேரின் அடிப்படைத் திட்டமும் கண்புரை அறுவைக்குத் தந்தாலும் பல்செட்டுக்கும் காது மெஷினுக்கும் பெரும்பாலும் தராது. மாத்திரை 90 நாளுக்கு, கடைப் பெட்டியோடு, மருந்தின் வேதிப்பெயர் எழுதிய டாக்டர் சீட்டோடு, கைப்பையில். விமானத்தில் சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. வங்கி, ஆதார், ஓய்வூதியம் எல்லாமே ஒரே ஒரு சிம்முக்கு வரும் ஓ.டி.பி.யில் தொங்குகிறது, அந்த எண்ணை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள், ரீசார்ஜ் தேதியை யாராவது ஒருவர் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றை எந்த மாதம் கொடுக்க வேண்டும் என்று கேட்டு, ஊர்ப் பயணத்தை அந்த மாதத்தோடு பொருத்த முடியுமா என்று பாருங்கள்.

இதற்கெல்லாம் மேல், அம்மாவிடமே உட்கார்ந்து கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு, தள்ளிப்போடாமல் கேட்டுவிடுங்கள்: அங்கே இருக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால் காரியங்கள் எங்கே நடக்க வேண்டும். எங்கள் அம்மா ஒரு நொடியும் தயங்கவில்லை, "எங்கே இருந்தாலும் அஸ்தி காவிரிக்கு வரணும்" என்றார், அவ்வளவுதான். சூப்பர் விசாவுக்கான காப்பீட்டில் தாயகம் திருப்பி அனுப்பும் செலவும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது விதியே, உடலைக் கொண்டுவரும் தொகையும் அங்கேயே தகனம் செய்யும் தொகையும் எவ்வளவு என்று பாலிசியில் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு எங்கள் ஏற்பாடு இது. மருந்துகள் ஒரே அளவில் நிலைத்து ஆறு மாதம் ஆனதும் தம்பி விண்ணப்பம் போடுவான். பயணம் மே மாதத்தில், பனிக்காலம் வருவதற்குள் அம்மா தானாகப் பேருந்து ஏறிக் கடைக்கும் கோயிலுக்கும் போகப் பழகிவிடுவார். நான் வார இறுதிகளில் காரிலோ விமானத்திலோ அங்கே போவேன். டிசம்பரில் கும்பகோணம். பொங்கலுக்குத் தம்பியும் நானும் அங்கே போய், தொடரலாமா வேண்டாமா என்று அம்மாவைக் கேட்போம். கிரீன் கார்டு மனுவை அதுவரை போடப்போவதில்லை. ஓராண்டுக்குப் பிறகு "உன் வீட்டுக்கே வந்துவிடுகிறேன்" என்று அம்மா சொன்னால் அந்த வாரமே போட்டுவிடுவேன்.